வெறும் தண்ணீர்க் குழு

வெறும் தண்ணீர் குடித்த எலியின் ஈரல் வெளுத்திருந்தது.

தனப்பிரியா கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துவிட்டு மேசை விளக்கை இன்னும் தாழ்த்திப் பார்த்தாள். ஈரல் என்றால் அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில், ஓரங்கள் கூர்மையாக, ஈரப் பளபளப்போடு இருக்க வேண்டும். இது வெளிறி, ஓரம் மழுங்கி, மேலெல்லாம் மஞ்சள் பொட்டுகளோடு கிடந்தது. விளக்கின் கோளாறாக இருக்கும் என்று தட்டோடு ஜன்னலோரம் எடுத்துப் போனாள். பகல் வெளிச்சத்தில் இன்னும் மோசமாகத் தெரிந்தது. முகக்கவசத்துக்குள் வாய்விட்டே திட்டினாள். யாரைத் திட்டுவது என்று தெரியாததால் பொதுவாகத் திட்டினாள்.

எப்போதும் முதலில் அறுப்பது ‘கன்ட்ரோல்’ என்கிற இந்தக் குழுவைத்தான். மருந்துச் சாறு ஒரு துளிகூடப் படாமல், மற்ற எலிகளுக்குச் சாறு ஊட்டிய அதே நேரத்தில் அதே மாதிரி வளைந்த குழாயால் வெறும் தண்ணீர் மட்டும் ஊட்டப்பட்ட எலிகள் இவை. நல்ல ஈரல் எப்படி இருக்கும் என்று இவற்றைப் பார்த்துக் கண் பழகிய பிறகுதான் சாறு குடித்த எலிகளைத் திறக்க வேண்டும். குறைந்த அளவு, நடு அளவு, அதிக அளவு என்று சாறு குடித்த மூன்று குழுவையும் இதோடு ஒப்பிட்டுத்தான் சாறு ஈரலைக் கெடுக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இந்தக் குழுவே கெட்டுப்போனால் மற்றவற்றை எதோடு வைத்துப் பார்ப்பது?

அடுத்ததையும் திறந்தாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். அதன்பிறகு சாறு குடித்தவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாம் ஒன்றுபோல வெளுப்பு, ஒன்றுபோல மஞ்சள் பொட்டு. அதிக அளவு சாறு குடித்த குழுவில் கொஞ்சம் கூடுதலோ என்று தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டும் என்ற ஆசை அவளுக்கே இருந்ததால் அந்தத் தோற்றத்தை அவளால் நம்ப முடியவில்லை.

சாறு என்பது வேலிக்கசப்பானின் சாறு. மோகனூர் போகிற வழியில் கரட்டோரத் தோட்டங்களில் கிளுவை வேலிமேல் படர்ந்து கிடக்கிற கொடி. ஆடுகூட வாய் வைக்காது. அதற்கு நீளமான லத்தீன் பெயர் ஒன்று உண்டு. அது தனப்பிரியாவின் ஆராய்ச்சித் தலைப்பில் இருக்கிறது. ஊரில் சர்க்கரை நோய்க்காரர்கள் இலையைப் பறித்துக் காய்ச்சிக் காலையும் மாலையும் ஒரு டம்ளர் குடிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா நாச்சிமுத்து. சிறியதாக ஒரு முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். போன வைகாசியில் ஆஸ்பத்திரி மாத்திரைகளை மொத்தமாகக் கவரில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுக் கொடிக்கு மாறினார். சர்க்கரை இறங்கியது என்னவோ உண்மை. விரலில் குத்திப் பார்க்கிற கருவியில் அவளே பார்த்தாள். ஆனால் அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. சட்டை தோளில் தொங்கியது. உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டே இருந்தார். கண்ணின் வெள்ளை முழுவெள்ளையாக இல்லை என்று அவளுக்குப் பட்டது, அம்மாவுக்குப் படவில்லை, அப்பா கண்ணாடியே பார்ப்பதில்லை.

ஒரு ரத்தப் பரிசோதனை போதும், ஈரல் எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும் என்று கெஞ்சிப் பார்த்தாள். “ரத்தத்த எடுத்துப் பாத்தவன் எவன் நல்லா இருக்கறான்? பாக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்தான் எங்க பெரியப்பன் மவன்” என்றார் அவர். இதற்கு மேல் வாதாடப் படித்தவளாலும் ஆகாது. ஒருநாள் கூண்டுகளின் முன்னால் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

“இத பாரு சாமி. நீதான் எலிக்குக் குடுத்துப் பாக்கறேங்கறயே. உம்பட எலிக்கு ஒண்ணு ஆச்சுன்னு வெய்யி, அன்னிக்கே நிறுத்தீர்றேன். மாத்திரையும் போட்டுக்கறேன், ரத்தமும் குடுக்கறேன். ஒண்ணும் ஆவலீன்னா அப்பறம் நீ இதப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது.”

அப்பா சொன்னால் சொன்னதுதான். முட்டை விலை ஒரே நாளில் ஏறினாலும் முந்தின நாள் பேசின விலைக்கே வண்டி ஏற்றி அனுப்புகிறவர். அதனால் அந்தப் பேச்சை அவள் பிடித்துக்கொண்டாள். ஆராய்ச்சி நெறியாளர் தண்டாயுதபாணி சார் சாற்றை ஆல்கஹாலில் எடுக்கச் சொன்னபோதும், அப்படிச் செய்தால்தான் வெளிநாட்டு இதழ்களில் ஏற்பார்கள் என்று அவர் சொன்னபோதும், தண்ணீரில்தான் காய்ச்சுவேன் என்று நின்றாள். அம்மா சௌந்திரம் அடுப்பில் எவ்வளவு நேரம் வைக்கிறாள், எந்த அளவு சுண்டினதும் இறக்குகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்து அதே மாதிரி காய்ச்சினாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம் எலி முடியட்டும் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அந்தப் பதிலைக் கேட்டுத் திரும்பி வரவே இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. சாறு கெடுதல் என்றால் அப்பா நிறுத்துவார். கெடுதல் இல்லை என்றால் தனக்குத் தூக்கம் வரும். இரண்டில் ஒன்று கிடைத்துவிடும் என்று நம்பித்தான் அத்தனை எலியையும் ஒவ்வொன்றாகக் கழுத்தைப் பிடித்துக் குழாய் வழியே ஊட்டினாள். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் ரத்த அறிக்கையும் வந்தது. ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற நொதிகள் எல்லாக் குழுவிலும் ஏறியிருந்தன. தண்ணீர்க் குழுவிலும்தான்.

கல்லூரி எலிக்கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் மணிமாறன் வெண்ணந்தூர்க்காரர். பின்பக்கம் தொட்டியில் கூண்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உமியும் எலி மூத்திரமும் கலந்த வாடை அங்கே எப்போதும் நிற்கும். வந்த புதிதில் அவளுக்குக் குமட்டியது, இப்போது வீட்டுக்குப் போனால்தான் தன் துப்பட்டாவிலிருந்து அது வருவது தெரிகிறது. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தண்ணீர்த் தொட்டியில் ஏதாவது மருந்து போட்டார்களா? இல்லீங்க. கரையானுக்கு யாராவது ஸ்ப்ரே அடித்தார்களா? இல்லீங்க. உமி வேறு மில்லில் வாங்கினதா? அதே மில்லுதானுங்க. ஏசி நின்றதா? நிக்கலீங்க.

“தீவனம்?”

“தீவனமெல்லாம் நல்ல தீவனந்தானுங்க அம்மிணி” என்று சொல்லிவிட்டு மணிமாறன் தேய்த்த கூண்டையே மறுபடி தேய்த்தார்.

எலிகளுக்கென்று பெங்களூரிலிருந்து மூட்டையில் வருகிற, சாக்பீஸ் துண்டு போலிருக்கும் தீனியை யாரும் நல்ல தீவனம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. தீனி என்பார்கள், பெல்லெட் என்பார்கள். அந்த ‘நல்ல’ எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே தொட்டியருகே போனாள்.

“அண்ணா, என்ன போட்டீங்க?”

பிரஷ் நின்றது. அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். “நீங்க மெட்ராசுக்கு டிரைனிங் போனீங்கள்ல, அப்ப பெங்களூர் லோடு வரலீங்க. லாரி எங்கியோ மாட்டிக்கிச்சுன்னாங்க. தீனி அடிமூட்டைக்கு வந்துருச்சு. உங்களுக்குப் போன் போட்டா நீங்க எடுக்கலீங்க. சார் கேம்ப்புங்க. எலி பட்டினி கெடந்தா ஒண்ணையொண்ணு கடிச்சுக்குமுங்களே. அதான் உங்க ஊட்டு நம்பருக்குப் போட்டேன்.”

“வீட்டுக்கா?”

“ஐயாதான் எடுத்தாருங்க. வாரேன் இருன்னு சொல்லிப்புட்டு டிவியெஸ்ல மூட்டையப் போட்டுக்கிட்டு வந்துட்டாருங்க. கோழிக்கு நானே அரைக்கறது, மக்காச்சோளம், சோயா, கருவாட்டுத் தூளு, எல்லாம் கலந்தது, உங்க எலி இதுக்கு முன்ன இப்புடித் தின்னுருக்காதுன்னாரு. மாவா இருந்துச்சுங்க. எலிக்குக் கடிக்க வேணுமேன்னு தண்ணி தெளிச்சுப் பெசஞ்சு உருண்டை புடிச்சு வெயில்ல காயப் போட்டேன். ஐயாவும் கூட உக்காந்து உருட்டுனாருங்க.”

அவளால் அதைப் பார்க்க முடிந்தது. எலிக்கூடத்துக்குப் பின்னால் சிமெண்ட் தளத்தில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி, மகளுடைய எலிகளுக்குத் தீவன உருண்டை பிடிக்கிறார்.

“பெல்லெட் வந்த பிறகு மாத்தியிருக்கலாமில்ல?”

“மாத்துனேனுங்க. அதத் திங்க மாட்டேன்னுருச்சுங்க. உருண்டைக்கு ருசி கண்டுக்கிச்சு. சரி, மூட்டை தீர்ற வரைக்கும் ரெண்டையும் கலந்து போடலாம்னு…” மணிமாறன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “உங்ககிட்டச் சொல்ல வேண்டாம், சும்மா மனசக் கொழப்பிக்கும்னு ஐயாதான் சொன்னாருங்க. எடையெல்லாம் நல்லாத்தான் ஏறுச்சு அம்மிணி. நீங்களே பாத்துட்டு சந்தோசப்பட்டீங்க.”

சந்தோஷப்பட்டது உண்மைதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மணிமாறனைத் திட்ட வேண்டும் என்று வாய்வரை வந்தது. எலிகளைப் பட்டினி போடாத மனிதரை எப்படித் திட்டுவது? போனை எடுக்காதது அவள். பயிற்சி அரங்கில் எல்லோர் போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். லாரியைத் திட்டலாம். லாரி எங்கோ ஒசூர்ப் பக்கம் நின்றிருக்கும். நாமக்கல் சீமையில் எந்த உயிருக்குத் தீனி இல்லையென்றாலும் கை முதலில் கோழித் தீவனத்துக்குத்தான் போகும். அந்த மாவில் என்னென்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கோழிக்கு நோய் வராமல் இருக்கக் கலக்கிற மருந்துகள் இருக்கும். மக்காச்சோளம் மழையில் நனைந்திருந்தால் பூஞ்சணம் இருக்கும். பூஞ்சண நஞ்சு முதலில் போய் உட்காருகிற இடம் ஈரல்தான். இதுவாக இருக்கலாம், அதுவாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். கொடியும் சேர்ந்து கெடுத்திருக்கலாம், கெடுக்காமலும் இருந்திருக்கலாம். மிஞ்சின உருண்டை ஒன்று கிடைத்தால் சோதனைக்கு அனுப்பலாம் என்று கேட்டாள். எலிகள் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

தண்டாயுதபாணி சாரின் அறையில் பெயிண்ட் வாசனை அடித்தது. ஆய்வுக் குழு ஒன்று கல்லூரியைப் பார்க்க வருவதால் எல்லா அறைக்கும் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சார் நல்லவர்தான். மாணவர்களைப் பெயர் சொல்லி விசாரிப்பார், யார் வீட்டுத் துக்கத்துக்கும் மாலையோடு வந்து நிற்பார். ஆனால் கொஞ்ச நாளாக அவருக்கு எதையும் முடித்துக் கட்டிவிட வேண்டும் என்ற அவசரம் வந்திருந்தது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இதுல என்னம்மா பிரச்சினை? தண்ணிக் குழுவுக்கும் மருந்துக் குழுவுக்கும் வித்தியாசம் இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப அதத்தான் எழுதப் போறோம். கன்ட்ரோல் குழுவோட ஒப்பிட்டா எந்த அளவுலயும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதுல ஒரு வார்த்தை பொய்யா சொல்லு.”

“கன்ட்ரோலே கெட்டுப் போச்சுங்களே சார்.”

“அது வேற விஷயம். அட்டவணையப் போடறோம், படிக்கிறவன் பாத்துக்கட்டும்.”

“படிக்கிறவங்க அட்டவணைய எங்க சார் பாக்கறாங்க? கடைசி வரியத்தான் பாப்பாங்க. பாதுகாப்பானதுன்னு இருக்கும். அதப் பாத்துட்டு எங்க ஊர்ல இன்னும் நாலு பேரு மாத்திரைய நிறுத்துவாங்க.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மறுபடியும் பண்ணணும்னா எத்திக்ஸ் கமிட்டிக்கு மறுபடி எழுதணும். ஏன் இத்தனை எலியைக் கொன்னே, என்ன தப்பு பண்ணேன்னு கேப்பாங்க. கோழித் தீவனம் போட்டேன்னு சொல்லுவியா? மணிமாறன் வேலை போகும். அவங்க உத்தரவு குடுத்து, எலி வந்து, வளந்து, நீ ஊட்டி முடிக்க அடுத்த வருசம் ஆகும். உன் பிஎச்.டி. பதிவுக் காலத்தை இனிமே யாரும் நீட்டித் தர மாட்டாங்க. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தனப்பிரியா.”

நல்லதுக்குத்தான் எல்லோரும் செய்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. லாரிக்காரனைத் தவிர இந்த விஷயத்தில் தொட்ட எல்லோரும் நல்லதுக்குத்தான் தொட்டிருக்கிறார்கள்.

“அப்படி எழுதினா நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்.”

“இப்ப யாரு போடச் சொன்னா? திங்கக்கிழமை வரைக்கும் யோசி” என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

நாமக்கல்லில் பேருந்து மாறி ஊருக்குப் போகும் வழியில் அவள் ஒரு பொய்யைத் தயாரித்தாள். எலிக்கு ஈரல் கெட்டுப்போச்சுங்கப்பா. அவ்வளவுதான். அதில்கூடப் பொய் இல்லை. தண்ணீர்க் குழுவைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் வாயே திறக்காவிட்டால் போதும். அப்பா எழுந்து பரண்மேலிருந்து கவரை எடுப்பார். பேச்சு மாற மாட்டார். நாளைக்கே ரத்தம் எடுத்துவிடலாம். சார் தண்ணீர்க் குழுவைக் காட்டி நல்லது என்று எழுதப் பார்க்கிறார். தான் அதை மறைத்துக் கெட்டது என்று சொல்லப் போகிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொண்டாள். தன்னுடையது அப்பாவைக் காப்பாற்றும் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண்மணி மூக்கைத் துப்பட்டா பக்கமாகச் சுருக்கியதைக் கண்டு துப்பட்டாவை எடுத்துப் பைக்குள் திணித்தாள். எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தபோது நிறுத்தம் வந்துவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. பண்ணைக் கொட்டகையில் மாலைத் தீவனம் போடும் நேரம். அப்பா தீவன அறை வாசலில் கவிழ்த்த பிளாஸ்டிக் வாளிமேல் உட்கார்ந்து கால் சொறிந்துகொண்டிருந்தார். அம்மா உள்ளே மூட்டை வாய் பிரித்துக்கொண்டிருந்தாள். தனப்பிரியா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார்.

“மணிமாறன் போன் போட்டிருந்தான் சாமி.”

அவளுக்குப் பை தோளிலிருந்து நழுவியது.

“எல்லா எலிக்கும் ஒரே மாதிரிதான் இருக்குதாமா. தண்ணி குடிச்சதுக்கும் அப்புடித்தான், கொடி குடிச்சதுக்கும் அப்புடித்தானாமா. அம்மிணி மனசு ஒடஞ்சு போயிருச்சு, திட்டாதீங்கன்னான். நான் எதுக்கு உன்னத் திட்டறேன்?”

பேருந்தில் தயாரித்து வைத்த பொய்க்கு இனி வேலை இல்லை. அந்த மணிமாறன் எப்போதும் ஒரு போன் கூடுதலாகத்தான் போடுகிறார். அவள் படிக்கல்லில் உட்கார்ந்தாள்.

“எல்லாத்துக்கும் ஈரல் கெட்டிருக்குதுங்கப்பா.”

“அதான் எல்லாத்துக்குமுங்கறயே. தண்ணி குடிச்சதுக்கும் கெட்டுப் போச்சு, கொடி குடிச்சதுக்கும் கெட்டுப் போச்சு. அப்பறம் கொடி மேல என்ன குத்தம்?”

வெள்ளையடித்த அறையில் சார் சொன்னதும் இதேதான். அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொன்னார், அப்பா கால் சொறிந்துகொண்டு சொல்கிறார். அப்பாவுக்குத் தன்னை ஏமாற்றிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. சாருக்கு என்ன வந்தது?

“குத்தம் இல்லைன்னு ஆகாதுங்கப்பா. இருக்குதா இல்லையான்னே தெரியலீங்கறேன்.”

“தெரியலீங்கறதுக்கா இத்தன நாளு இத்தன எலி?”

“ஆமாங்க” என்றாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா சமாதானமான குரலில், “சரி உடு. உனக்கு ஒரு கொறையும் வெக்கல. கொடி குடிச்ச எலிக்குத் தனியா ஒண்ணும் ஆவலீல்ல? பேசுன பேச்சுப்படி இனிமே அதப் பத்திப் பேச வேண்டாம்” என்றார். ஜெயித்த சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. மகள் பேசாமல் இருந்தால் போதும் என்ற களைப்புதான் இருந்தது. அந்தக் களைப்பில் கண்ணின் மஞ்சள் இன்னும் தெரிந்தது.

சொல்லவே கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்ததை அவள் சொன்னாள். “நீங்க கொண்டுபோய்க் குடுத்தீங்கல்ல தீவனம், அதுல வந்திருக்குதுங்கப்பா.”

அப்பா சொறிவதை நிறுத்தினார். “எம்பட தீவனத்துலயா?”

“மக்காச்சோளத்துல பூசணம் இருந்திருக்கலாமுங்க. கண்ணுக்குத் தெரியாது. எலிக்குத் தாங்காது. ஈரலத்தான் தின்னும்.”

“நெசமாவா?”

“நெசந்தான்னு சொல்ல முடியாதுங்கப்பா. ஒரு உருண்டைகூட மிச்சமில்ல பாக்கறதுக்கு. சந்தேகந்தான்.”

மகளுக்கு உதவுவதாக நினைத்து டிவியெஸ்ஸில் மூட்டை கட்டிக்கொண்டு போன மனிதரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்குப் பட்டது. அவர் மனம் நொந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் பார்வை அவளைத் தாண்டித் தீவன அறைக்குள் போயிருந்தது.

“சௌந்திரம், அந்த மூட்டையப் பிரிக்காத” என்றார்.

வாளியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனார். மேல் மூட்டைகளைப் புரட்டி அடியில் இருந்த ஒன்றை இழுத்து, முழங்கை வரை கைவிட்டு அள்ளி மூக்கருகே வைத்து முகர்ந்தார். உள்ளங்கையில் தேய்த்து மறுபடி முகர்ந்தார். “மழையில வந்த லோடு இது. மேலாக்க காஞ்சிருந்துச்சு. கொஞ்ச நாளா முட்டை கொறையுதேன்னு வெயில் மேல பழி போட்டுக்கிட்டு இருந்தேன்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

“ஏனுங்க, நெசமாத் தெரியலீன்னுதானே புள்ள சொல்லுது? அத்தனையும் கொட்டீட்டா பொழுதோட கோழிக்கு என்னத்தப் போடறது?” என்றாள் அம்மா.

“ஒரு பொழுது பட்டினி கெடந்தாச் சாவாது. இது உள்ள போனாச் செத்தாலும் செத்துப்போயிரும். அதுகளுக்கு வாயா இருக்குது, கசக்குதுன்னு சொல்றதுக்கு?”

மூட்டை கனமாக இருந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. பழைய அப்பாவாக இருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார். தனப்பிரியா எழுந்து போய் மறுமுனையைப் பிடித்தாள். செத்த கோழிகளைப் போடுகிற குழிவரை இரண்டு பேரும் இழுத்துப் போனார்கள். அந்த லோடில் அரைத்தது எது, மற்றது எது என்று அவருக்கே சந்தேகம் வந்தபோது எல்லா மூட்டையையும் கொட்டச் சொன்னார். குழியில் தீவனம் மேடாக நின்றது. அதன்மேல் சுண்ணாம்புத் தூளைக் கையாலேயே அள்ளி வீசினார், ஒரு காக்கை குருவிகூட வாய் வைக்கக் கூடாது என்று. பிறகு கொட்டகைக்குள் போய்க் கூண்டுகளின் முன்னால் நீளமாகப் போகும் தீவனத் தொட்டிகளில் காலையில் போட்டு மிஞ்சியிருந்ததையும் சீமாற்றால் கூட்டி வழித்தார். கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி அந்தச் சீமாற்றையே கொத்தின. அவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிவிட்டுக் கூட்டினார். வேலை முடிகிற வரைக்கும் ஒருதரம்கூடக் கால் சொறியவில்லை. மோகனூரில் தீவனக்காரருக்குப் போன் போட்டு, விடிவதற்குள் புதுச்சோளம் வந்தாக வேண்டும், மழைச்சோளம் வேண்டாம், விலை பற்றிப் பேச்சில்லை என்றார்.

தனப்பிரியா குழாயடியில் நின்று கை கழுவினாள். போன் ஒலித்தது. சார் ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதி அனுப்பியிருந்தார். எந்த அளவிலும் பாதுகாப்பானது என்று முடிந்திருந்தது. அவள் போனைத் திருப்பிச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தாள்.

அப்பா வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினார். இரண்டு தடவை கழுவியும் நகக்கண்களில் சுண்ணாம்பு வெள்ளையாக நின்றது. பொழுது சாய்ந்துவிட்டது. வழக்கமான நேரம் என்பதால் அம்மா வீட்டுக்குப் போய், தினமும் மாலையில் கொண்டுவருகிற டம்ளரைக் கொண்டு வந்து நீட்டினாள். கரும்பச்சைத் தண்ணீர், மேலே லேசாக நுரை. அந்தக் கசப்பு வாசனை தனப்பிரியாவுக்கு நன்றாகத் தெரியும். எலிக்கூடத்தில் ஒவ்வொரு காலையும் அதைத்தான் குழாயில் உறிஞ்சி எடுப்பாள். அப்பா வாங்கி, பழக்கத்தில், முகம் சுளிக்கத் தயாராகி, வாய்க்குக் கொண்டு போனார்.

“தீவனத்தப் பத்தியும் சந்தேகம்னுதானேங்கப்பா சொன்னேன்” என்றாள் அவள்.

அவர் கை பாதியில் நின்றது. குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கொட்டகை நெடுக, காலியான தகரத் தொட்டிகளைக் கோழிகள் கொத்திக்கொண்டே இருந்தன.